மிலோவுக்குப் போக விரும்பும் புதுச்சேரிக்காரர்களுக்கு

கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி நாட்டுக்குப் போவதானால் ஒரே ஓர் ஊருக்குப் போங்கள். அந்த ஊரில் உங்களை எதிர்பார்த்து ஒரு வீடு இருந்தால் மட்டும் போங்கள். என்னிடம் பிரெஞ்சு படித்த பிள்ளைகள் பயண யோசனை கேட்டு வரும்போதெல்லாம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். நாலு நாளில் நாலு ஊர் என்று திட்டம் போட்டு ஓடுகிற பயணம் அந்த நாட்டுக்கு ஒத்துவராது. சாலை திறந்திருக்குமா, பெட்ரோல் கிடைக்குமா, விமானம் இறங்குமா என்பதை முதல் நாள் இரவுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே பயணிக்குப் பெரிய காவல், "இவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறவர்" என்று தெருவில் சொல்ல ஓர் ஆள் இருப்பதுதான். நான் தங்கிய மிலோ என்ற சிற்றூரை வைத்தே இதை எழுதுகிறேன். ஹைட்டியின் மற்றச் சிற்றூர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முத்தியால்பேட்டையில் பிறந்த எனக்கு அவ்வளவு தூரத்து ஊரில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவிடம் கைமாறி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சித்தப்பா மகள், கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில் வாழ்க்கைப்பட்டாள். அவள் புகுந்த வீட்டாரின் முன்னோர் நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள். 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்ததும் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம் வந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். ஓரெலி என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்கிலும் 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் நம்மவர்களை இறக்கியது. ஹைட்டியில் அப்படி யாரும் இறங்கவில்லை. அங்கே அடிமைகளாக இருந்தவர்களே படை திரட்டிப் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று தனி நாடு கண்டுவிட்டார்கள். குவாதலூப்பில் அவள் வீட்டுத் திண்ணையில் இந்தக் கதையைக் கேட்ட பிறகு அந்த மண்ணை மிதிக்காமல் ஊர் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

மிலோ, வடக்குக் கரையில் இருக்கும் காப்-ஹைட்டியன் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். சாலை மலையடிவாரத்தில் வந்து நிற்கும் இடத்தில் சான்-சூசி அரண்மனையின் இடிபாடு எழுந்து நிற்கும். அடிமையாக வாழ்க்கையைத் தொடங்கி, விடுதலைப் போரில் தளபதியாகி, 1811இல் வடக்கு ஹைட்டியின் அரசனாக முடிசூடிக்கொண்ட ஆன்றி கிறிஸ்தோஃப் கட்டியது. அதற்கு மேலே, மலை உச்சியில் அவருடைய சிட்டாடெல் கோட்டை. அரண்மனை, கோட்டை, ராமியே என்ற இடத்துக் கட்டடங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஊரில் 1968இல் தொடங்கிய சாக்ரே-கேர் மருத்துவமனை இருக்கிறது. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரிலிருந்து காயம்பட்டவர்களை அங்கே கொண்டுவந்தார்கள். வெளியூர் மருத்துவர்களும் செவிலியர்களும் வந்துபோன ஊர் என்பதால் புதுமுகத்தைப் பார்த்து யாரும் மிரளுவதில்லை. முதல் பயணத்துக்கு நான் மிலோவைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது போகலாமா?

சுற்றிப் பார்க்க மட்டும் என்றால், இப்போது வேண்டாம். 2021 ஜூலை 7 அன்று குடியரசுத் தலைவர் ஷோவ்னெல் மொய்சை அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி ஆயுதக் குழுக்களின் கைக்குப் போய்விட்டது. 2024 மார்ச்சில் அங்கிருந்த இந்தியர்களில் ஒரு பகுதியினரை இந்திய அரசு 'இந்திராவதி' என்ற பெயரில் டொமினிக்கன் குடியரசுக்கு மீட்டுக் கொண்டுபோனது. அதே ஆண்டு நவம்பரில் தலைநகர விமான நிலையத்தில் பயணிகள் விமானங்கள் மீது குண்டு பாய்ந்ததால் அமெரிக்க விமானங்கள் அங்கே இறங்குவது நின்றது. ஹைட்டியில் இந்தியத் தூதரகம் கிடையாது. பக்கத்து நாட்டுத் தலைநகர் சாந்தோ தொமிங்கோவில் இருக்கும் தூதரகம்தான் கவனித்துக்கொள்கிறது. ஆபத்து வந்தால் கதவைத் தட்ட நம் அலுவலகம் அருகில் இல்லை என்பதை மனத்தில் வையுங்கள்.

வடக்குப் பகுதி தலைநகரைவிட அமைதியானது, உண்மைதான். ஆனாலும் பல அரசுகள் நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் "போகவேண்டாம்" என்று எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை இருக்கும்வரை பெரும்பாலான பயணக் காப்பீடுகள் செல்லாது. பாலிசியைப் படிக்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். உங்களுக்கு அங்கே உறவு இருந்தால், மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை இருந்தால், ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கூப்பிட்டால், அப்போது யோசியுங்கள். புறப்படும் வாரத்தில் மறுபடி அவரையே கேளுங்கள். "இந்த மாதம் வராதே" என்று அவர் சொன்னால் டிக்கெட் பணம் போனாலும் போகட்டும், வீட்டிலேயே இருங்கள். அவருக்குத் தெரிவது எந்தச் செய்தித்தாளுக்கும் தெரியாது. மற்றவர்கள் இந்தக் காத்திருப்பு நாட்களை, அந்த மக்கள் பேசும் கிரெயோல் மொழியைக் கற்கச் செலவிடலாம். வீணாகாது.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து பாரிஸ் அல்லது வளைகுடா வழியாக மயாமி, அங்கிருந்து நேராகக் காப்-ஹைட்டியன். தலைநகர் வழியாகப் போகவே கூடாது. தலைநகரிலிருந்து வடக்கே வரும் சாலையில் ஆயுதக்காரர்கள் மறிக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மயாமியில் விமானம் மாறுவதற்கே அமெரிக்க டிரான்சிட் விசா வாங்க வேண்டும். அதற்கு ஆகும் காலத்தைக் கணக்கில் சேருங்கள். டொமினிக்கன் குடியரசு வழியாகப் பஸ்ஸில் எல்லையைத் தாண்டலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும். 2023 செப்டம்பரில் மசாக்கர் ஆற்றுக் கால்வாய்த் தகராறில் அந்த எல்லையை மூடியதிலிருந்து அதை நம்பித் திட்டம் போட முடியாது. பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். விமான நிலையத்துக்கு வீட்டுக்காரர் வரவேண்டும். பொழுது சாய்ந்த பிறகு சாலைப் பயணம் வேண்டாம், அந்த 20 கிலோமீட்டர்கூட வேண்டாம்.

பருவம் பார்க்கும்போது நம் ஊர்க் கணக்கு ஓரளவு உதவும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். வடக்குக் கரையில் நவம்பரில் மழை கொட்டும், காப்-ஹைட்டியனில் வெள்ளம் புகுவதும் உண்டு. பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை ரரா ஊர்வலங்களும் நடக்கும். மூங்கில் குழல்களை ஊதிக்கொண்டு, பறை கொட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். வீட்டாரோடு வாசலில் நின்று பாருங்கள். கூட்டத்துக்குள் தனியாகப் புகாதீர்கள்.

வணக்கம் சொல்லாமல் ஒன்றும் நடக்காது

சிற்றூரில் உங்கள் நடத்தையை எடை போடுவது இதை வைத்துத்தான். காலையில் எதிரே வருபவருக்கு 'போன்ஜூ', நண்பகல் தாண்டியதும் 'போன்ஸ்வா'. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமே கிடையாது. தண்ணீர்க் குடத்தோடு வரும் சிறுமிக்கும் சொல்ல வேண்டும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கும் சொல்ல வேண்டும். கடையில் விலை கேட்பதற்கு முன்னால், வழி கேட்பதற்கு முன்னால், மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் முதலில் வணக்கம். நேரே "இது என்ன விலை?" என்று தொடங்கினால் முகம் சுருங்கிவிடும், விலையும் ஏறிவிடும்.

ஒரு வீட்டு வளவுக்குள் நுழைவதற்கும் முறை இருக்கிறது. பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும். அதை லாக்கூ என்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று "ஓனே!" என்று குரல் கொடுங்கள். மரியாதையோடு வந்திருக்கிறேன் என்று பொருள். உள்ளேயிருந்து "ரெஸ்பே!" என்று பதில் வந்த பிறகுதான் காலை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் திரும்பிப் போய்விட்டு அப்புறம் வாருங்கள். நடுவயதுக்காரர்களை 'மதாம்', 'மெசியே' என்று விளியுங்கள். பழகிய பிறகு மூத்தவர்களை 'தோந்தோன்', 'மதான்த்' என்று மாமா, அத்தை முறை வைத்துக் கூப்பிடுவார்கள். முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு அது நாவில் உடனே ஒட்டிக்கொள்ளும்.

பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 1987 அரசியல் சட்டப்படி பிரெஞ்சு, கிரெயோல் இரண்டும் ஆட்சி மொழிகள். ஆனால் ஊரே பேசுவது கிரெயோல். பிரெஞ்சு, பள்ளி படித்தவர்களும் அலுவலகக்காரர்களும் பேசுவது. சந்தையில் பழம் விற்கும் அம்மாவிடம் பிரெஞ்சில் பேசினால், அவரைத் தாழ்த்திப் பேசியதுபோல் ஆகிவிடும். பிரெஞ்சுச் சொற்கள் நிறைய இருப்பதால் கிரெயோல் சுலபமாகப் பிடிபடும், இலக்கணம்தான் வேறு. 'மெசி' (நன்றி), 'சூப்ளே' (தயவுசெய்து), 'கொம்பியென்' (எவ்வளவு), 'ம்வென் ரெலே' (என் பெயர்) என்று தொடங்குங்கள். தப்பாகப் பேசினாலும் மகிழ்ந்து திருத்துவார்கள்.

ஜூலை 14 அன்று பீச் ரோட்டில் கொண்டாடுகிறோமே, அந்தப் பிரெஞ்சுப் பாசத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். அங்கே பெருநாள் நவம்பர் 18. 1803இல் காப்-ஹைட்டியனுக்கு வெளியே வெர்த்தியேர் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையைக் கடைசியாக முறியடித்த நாள். இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் ஈடாக 150 மில்லியன் ஃபிராங்க் தரவேண்டும் என்று 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி மிரட்டிய பிரான்ஸ், 1838இல் அதை 90 மில்லியனாகக் குறைத்தது. அந்தத் தொகைக்காக வாங்கிய கடன்களைக் கட்டி முடிக்க ஹைட்டிக்கு 1947 வரை ஆயிற்று. விடுதலையான மக்கள் தங்கள் விடுதலைக்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் தவணை கட்டினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் இதைப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

பணம்

நாணயம் கூர்டு. ஆனால் சந்தையிலும் வண்டியிலும் 'டாலர்' என்று விலை சொல்வார்கள். அது அமெரிக்க டாலர் இல்லை, ஐந்து கூர்டைக் குறிக்கும் பழைய கணக்கு. 'இருபது டாலர்' என்றால் நூறு கூர்டு. அப்படி ஒரு நோட்டோ காசோ கிடையாது, வாய்க்கணக்கு மட்டும்தான். எந்த டாலர் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்க டாலரைக் கிழியாத, அழுக்கில்லாத சிறு நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். மிலோவில் கார்டு தேய்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். காப்-ஹைட்டியனிலேயே கூர்டாக மாற்றிவிடுங்கள். டிஜிசெல் அல்லது நாட்கொம் சிம் கார்டையும் அங்கேயே வாங்கலாம். ஊருக்குள் போக மோட்டார் சைக்கிளும், வண்ணவண்ணமாகச் சித்திரம் தீட்டிய தாப்-தாப் என்ற ஷேர் வண்டிகளும் இருக்கின்றன. ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

தங்கும் வீட்டுக்குத் தரவேண்டிய பணத்தை முதல் நாளே, வீட்டு அம்மாவின் கையில் கொடுங்கள். கடைசி நாளில் கொடுத்தால் அதுவரை அவர் கடன் வாங்கி உங்களுக்குச் சமைத்திருப்பார். வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்.

சாப்பாடு

கரி அடுப்பில் சமைக்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பாதி நாள் உழைப்பு போகும். ஆகவே எத்தனை வேளை சாப்பிடுவீர்கள், எது சாப்பிட மாட்டீர்கள் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. சோறும் அவரையும் சேர்ந்த 'திரி அக் ப்வா' அன்றாட உணவு. சைவக்காரர்கள், அதில் பன்றிக் கொழுப்பு சேர்க்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். விழா நாளில் 'ஜோன்ஜோன்' என்ற கறுப்புக் காளானை ஊறவைத்து, அந்தச் சாற்றில் அரிசியை வேகவைப்பார்கள். சோறு கறுத்து, மண்ணின் வாசனையோடு வரும். வடக்குப் பகுதிக்கே உரிய பெருமை அது. முந்திரி போட்ட கோழிக் குழம்பும் காப்-ஹைட்டியன் பக்கத்துக் கைப்பக்குவம். பண்ருட்டி முந்திரி தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் குழம்பு ரொம்பப் பிடித்துப்போகும். வாழைக்காயை வறுத்து, தட்டி நசுக்கி, மறுபடி வறுத்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ள 'பிக்லிஸ்': முட்டைக்கோஸும் கேரட்டும் குண்டு மிளகாயும் வினிகரில் ஊறியது. அந்த மிளகாயின் காரம் நம் ஊர் மிளகாயைத் தோற்கடிக்கும். சிறிதாக எடுத்துப் பாருங்கள்.

காலையில் 'காசாவ்' கேளுங்கள். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, தகட்டில் சுட்ட பெரிய அடை. 2024இல் கியூபா, டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், வெனிசுவேலா நாடுகளோடு சேர்த்து ஹைட்டியின் இந்த அடையையும் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன் மேல் காரமான நிலக்கடலை விழுதைத் தடவித் தருவார்கள். அந்த ஒரு கூட்டுக்காகவே நான் மறுபடி போவேன். ஜனவரி 1 அன்று அங்கே இருக்கும் பேறு கிடைத்தால், எந்த வீட்டில் கூப்பிட்டாலும் பூசணிச் சூப்பு குடிக்கப் போங்கள். அடிமைகள் சமைத்து எசமானர்கள் குடித்த அந்தச் சூப்பை விடுதலை நாளில் எல்லோரும் குடிக்கிறார்கள். சிந்தாமல் முழுக்கக் குடியுங்கள்.

அரிசி வாங்கினால் உள்ளூர் அரிசியாக வாங்குங்கள், 'திரி பெயி' என்று கேட்டால் கிடைக்கும். 1990களில் இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்த பிறகு அமெரிக்க மானிய அரிசி வந்து கொட்டி, உள்ளூர் நெல் விவசாயிகள் அடிபட்டுப் போனார்கள். அந்தக் கொள்கைக்குத் துணைநின்ற பில் கிளிண்டனே 2010இல் தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

தண்ணீரில் விளையாட்டு வேண்டாம். 2010 அக்டோபரில் அங்கே காலரா வந்து ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். நோயைக் கொண்டுவந்தது ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு. தன் பங்கை ஐ.நா. ஒப்புக்கொள்ள 2016 ஆயிற்று. 2022இல் மறுபடி காலரா தலைகாட்டியது. சுத்திகரித்த நீரை மட்டும் குடியுங்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை நிறையக் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் ஆற்றங்கரைப் பக்கமே போகாதீர்கள். வெளியார் கொண்டுவந்த நோயால் பிள்ளைகளைப் பறிகொடுத்த மக்கள் அவர்கள். தடுப்பூசிகளுக்கும் மலேரியா மாத்திரைக்கும் புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மின்சாரம் 110 வோல்ட், தட்டையான இரட்டை முள் பிளக். மின்வெட்டே வழக்கம் என்பதால் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் ஒரு விளக்கு அவசியம்.

கோட்டை ஏறும் நாள்

சிட்டாடெல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பொனெ அ லெவெக் மலை உச்சியில் நிற்கிறது. போவதற்கு முன் செஞ்சி ராஜகிரியை இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பழகிக்கொள்ளுங்கள். மூச்சும் முழங்காலும் தயாராகிவிடும். மிலோவிலிருந்து கல் பாவிய மலைச்சாலையில் வண்டி ஒரு நிறுத்தம் வரை ஏறும். அதற்கு மேல் நடை, அல்லது குதிரை. நடக்க முடிந்தவர்கள் நடக்க வேண்டும் என்பதே என் கருத்து. குதிரைகள் மெலிந்தவை, ஏற்றம் செங்குத்து. குதிரைக்காரருக்கு வருமானம் போய்விடுமே என்று இரக்கப்பட்டால், பையைச் சுமக்க ஆள் வைத்துக்கொண்டு கூலி கொடுங்கள்.

அரண்மனை வாசலிலேயே வழிகாட்டிகள் சூழ்ந்துகொள்வார்கள். ஐந்து பேர் கூடவே நடந்து வந்து, இறங்கும்போது ஐந்து பேரும் கூலி கேட்பது வழக்கம். வீட்டுக்காரர் அறிமுகப்படுத்திய ஒருவரை முதல் நாள் மாலையே பேசி வைத்துவிடுங்கள். காலையில் மற்றவர்களிடம் வணக்கம் சொல்லி, "இவரோடு போகிறேன், மெசி" என்று சொன்னால் விலகிக்கொள்வார்கள். ஆறு மணிக்கே கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் மேகம் இறங்கிச் சமவெளியை மூடிவிட்டால், ஏறி வந்த காட்சி கிடைக்காது.

பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் 1805இல் தொடங்கி 1820 வரை கட்டிய கோட்டை அது. இருபதாயிரம் பேர் வரை வேலை செய்ததாகச் சொல்வார்கள். மதில்கள் சில இடங்களில் 40 மீட்டர் உயரம். பிரெஞ்சு, ஆங்கில, ஸ்பானிய மன்னர்களின் முத்திரை பதித்த பீரங்கிகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு குண்டுகூடப் படையெடுத்து வந்த எதிரிமேல் பாயவில்லை, எதிரி வரவே இல்லை. கூரை மழைநீரைத் தொட்டிகளில் பிடித்து வைக்கும் ஏற்பாட்டை வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஏரி, குளம் என்று தண்ணீரைத் தேக்கி வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கும். மேல்தளத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை. புகைப்படம் எடுக்கப் பின்னால் நகராதீர்கள். கிறிஸ்தோஃபின் கல்லறையும் உள்ளேதான். நோயில் விழுந்து, படைகள் எதிராகத் திரும்பியபோது 1820 அக்டோபர் 8 அன்று அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அரண்மனை 1842 மே 7 நிலநடுக்கத்தில் இடிந்தது. அவர் மக்களைக் கட்டாய வேலை வாங்கினார் என்பதை மறைக்காத வழிகாட்டியே நல்ல வழிகாட்டி, அதையும் கேளுங்கள்.

அரண்மனையை ஒட்டிய வட்டக் கூரைக் கோயில் அமலோற்பவ மாதாவுக்கு உரியது, நம் மிஷன் வீதிச் சம்பா கோயிலைப் போலவே. 2020 ஏப்ரலில் தீப்பிடித்து அதன் கூரை இடிந்து விழுந்தது. டிசம்பர் 8 திருநாளை நம் ஊரில் கண்டவர்கள், அதைப் பற்றி ஊரார் பேசும்போது தொண்டை அடைப்பது ஏன் என்று புரிந்துகொள்வார்கள்.

வோடூ வழிபாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கோயிலுக்குப் போகும் அதே குடும்பம் முன்னோர் தெய்வங்களுக்கும் படையல் போடும். நம் கிராமங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜூலை 25 அன்று பக்கத்தில் உள்ள ப்ளேன்-து-நோர் ஊரில் சந்தியாகப்பர் திருநாள். சேற்றுக் குளத்தில் இறங்கி வேண்டுதல் நிறைவேற்றுவார்கள். கூப்பிட்டால் போங்கள். "சாமி வருவதைக் காட்டுங்கள்" என்று காசு நீட்டிக் கேட்காதீர்கள், கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

கொடுப்பதும் வாங்குவதும்

தெருவில் பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் விநியோகிக்காதீர்கள். அடுத்த பயணியைக் கண்டதும் கை நீட்டப் பழக்கிவிடுகிறோம். பழைய துணி மூட்டையும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்து குவியும் பழந்துணியால் ஊர்த் தையற்காரர்களின் பிழைப்புக் கெட்டது. நான் இங்கிருந்து நல்ல பருத்தித் துணியை மீட்டர் கணக்கில் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டார் உள்ளூர்த் தையற்காரரிடம் தைத்துக்கொண்டார்கள், கூலியும் ஊருக்குள் தங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் நம் பக்கத்தில் நெய்து நீலம் தோய்த்த 'கினே' துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அடிமை வாணிபத்தில் மனிதர்களுக்கு விலையாகத் தந்த சரக்குகளில் அதுவும் ஒன்று. அதைத் தெரிந்துகொண்டுதான் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அங்கே மதாம் சராக்கள் என்ற வியாபாரப் பெண்களிடமும் ஓவியர்களிடமும் வாங்குங்கள். ஒரேயடியாக அடித்துப் பேரம் பேசாதீர்கள்.

ஆள்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த படத்தைப் புதுச்சேரிக்கு வந்ததும் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போய்வருபவர் யாராவது கிடைத்தால் தாளில் அச்சடித்துக் கொடுத்தனுப்புங்கள், சுவரில் மாட்டிக்கொள்வார்கள்.

ஊர் திரும்பிய வாரங்களில் காய்ச்சல் அடித்தால், சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருக்க வேண்டாம். ஜிப்மருக்கோ உங்கள் மருத்துவரிடமோ அன்றே போங்கள். ஹைட்டியிலிருந்து வந்திருக்கிறேன் என்பதைச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே இருப்பது ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியா. ரத்தப் பரிசோதனையை அடுத்த நாளைக்குத் தள்ளக் கூடாது.